கல்லூரி வழியாகக் களத்துக்கு

2018 ஆகஸ்ட் 26. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஸ்குவாஷ் ஒற்றையர் இறுதியாட்டம். கண்ணாடிச் சுவர்களுக்குள் நின்ற இருவருமே மலேசியர்கள். ஒருவர் பினாங்கின் நிக்கோல் டேவிட். அன்று அவருக்கு 35-ஆவது பிறந்தநாள். மற்றவர் பக்கத்து மாநிலமான கெடாவின் சிவசங்கரி சுப்பிரமணியம். வயது 19. அரையிறுதியில் சென்னையின் இரண்டு நட்சத்திரங்களை வென்றுதான் இருவரும் அங்கே வந்திருந்தார்கள். தீபிகா பள்ளிக்கலை நிக்கோல் வீழ்த்தினார், ஜோஷ்னா சின்னப்பாவை சிவசங்கரி வீழ்த்தினார்.

ஆட்டம் ஐந்து செட் போனது. ஒரு கட்டத்தில் 2-1 என்று முன்னிலையில் இருந்தவர் சிவசங்கரிதான். கடைசி இரண்டு செட்டிலும் அனுபவம் பேசியது. 3-2 என்று நிக்கோல் வென்றார். ஆசிய விளையாட்டில் அது அவருடைய ஐந்தாவது ஒற்றையர் தங்கம்.

தோற்ற பெண் அதன்பின் எடுத்துவைத்த அடிதான் பலருக்குப் புதிராக இருந்தது. நிக்கோலையே ஐந்து செட்டுக்கு இழுத்த ஒருவர் முழுநேரமாக உலகச் சுற்றுப்போட்டிகளில் இறங்குவார் என்றே யாரும் எண்ணுவார்கள். சிவசங்கரியோ நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சிற்றூரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கும்போது விளையாட்டுப் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு மலேசியக் குடும்பத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. படிப்பா, ஆட்டமா? நிக்கோல் ஒரு வழியில் போனார். சிவசங்கரி இன்னொரு வழியில் போனார். இரண்டு வழிகளின் கணக்கையும் போட்டுப் பார்க்க, கல்லூரி விளையாட்டையே ஒரு பெருந்தொழிலாக வளர்த்துவைத்திருக்கும் அமெரிக்காவையும் ஒருமுறை சுற்றிவர வேண்டியிருக்கிறது.

புக்கிட் டும்பாரிலிருந்து ஆம்ஸ்டர்டாம்

பினாங்குப் பாலம் தீவைத் தொடும் இடம் கெலுகோர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மின்டன் வளாகமும் இங்கேதான் இருக்கிறது. அதே கெலுகோரின் புக்கிட் டும்பார் பகுதியில் நிக்கோல் டேவிட் பெயரிலேயே ஓர் அனைத்துலக ஸ்குவாஷ் மையம் நிற்கிறது.

நிக்கோல் 1983-ல் பினாங்கில் பிறந்தார். இந்திய வம்சாவளித் தந்தை, சீனத் தாய், இரண்டு அக்காமார். அக்காமார் இருவரும் ஸ்குவாஷ் ஆடியவர்கள். அவர்கள் பின்னாலேயே ஓடிய கடைக்குட்டி ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தது. படித்தது கிரீன் லேன் கான்வென்ட் பள்ளியில். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 15. 1999-ல் ஆண்ட்வெர்ப்பில் உலக ஜூனியர் பட்டத்தை வென்றார். 2001-ல் அதே போட்டி பினாங்குக்கு வந்தபோது சொந்த மண்ணில் மீண்டும் வென்றார். உலக ஜூனியர் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் பெண் அவர்தான்.

இவ்வளவு சிறு வயதில் இவ்வளவு தூரம் வந்தவருக்குக் கல்லூரி வாசல் இயல்பாகவே பின்னால் போய்விட்டது. 2000-ஆம் ஆண்டிலேயே தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார். அதற்காகப் பாதை மலர் தூவிக் காத்திருக்கவில்லை. 2002 புசான் ஆசிய விளையாட்டின் இறுதியில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்றார். மறு ஆண்டு வீட்டை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்து, ஆஸ்திரேலிய முன்னாள் வீராங்கனை லிஸ் இர்விங்கிடம் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கினார்.

பலன் வர அதிக காலம் ஆகவில்லை. 2005-ல் முதல் உலகப் பட்டம். 2006 ஜனவரியில் உலகத் தரவரிசையில் முதலிடம். அதை இடையில் சில மாதம் இழந்து, 2006 ஆகஸ்டில் மீட்டவர் 2015 செப்டம்பர் வரை விடவே இல்லை. தொடர்ந்து 108 மாதங்கள். மொத்தம் எட்டு உலகப் பட்டங்கள், ஐந்து பிரிட்டிஷ் ஓப்பன், இரண்டு காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். 2019-ல் ஓய்வு பெற்றார்.

முதலிடத்தை முதன்முறை பிடித்தபோது நிக்கோலுக்கு 22 வயது. அந்த வயதில் சிவசங்கரி இன்னும் கல்லூரி மாணவி.

வைட் ரிசீவரின் ஒரே வாசல்

அமெரிக்காவில் சில விளையாட்டுகளில் படிப்பா, ஆட்டமா என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கே கோடிக்கணக்கானோர் பார்க்கும் அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொள்வோம். பெயரில்தான் கால், ஆட்டத்தில் பெரும்பாலும் கைதான். முட்டை வடிவப் பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். அதுதான் டச்டவுன். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். எறியும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களில் முக்கியமானவர் வைட் ரிசீவர். அணிவரிசையின் ஓரத்தில் நின்று, முன்கூட்டியே மனப்பாடம் செய்த பாதையில் பாய்ந்து, காவலுக்கு வருபவனைத் திருப்பத்தில் ஏமாற்றி, தலைக்கு மேல் வரும் பந்தைக் கையில் வாங்க வேண்டும். வாங்கிய மறுநொடி யாராவது மேலே பாய்வார்கள். பெயர் எடுக்கவும் எலும்பு முறியவும் வாய்ப்பு அதிகமுள்ள இடம் அது.

இந்த ஆட்டத்தின் தொழில்முறை அமைப்பு என்.எஃப்.எல். பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் கடக்காத யாரையும் அது சேர்த்துக்கொள்ளாது. நடைமுறையில் அந்த மூன்று ஆண்டுகளும் கல்லூரி அணியில்தான் கழிகின்றன. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை டிராஃப்ட் என்ற தேர்வு நடக்கும். 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். தொழில்முறை அணிகள் தங்களுக்கென்று இளையோர் பாசறை நடத்துவதில்லை. அந்த வேலை முழுவதும் பல்கலைக்கழகங்களின் தலையில்தான். மைதானம், பயிற்சியாளர், தொலைக்காட்சி ஒப்பந்தம், உதவித்தொகை என்று எல்லாவற்றையும் அவையே கட்டி எழுப்பியிருக்கின்றன.

ஆகச் சிறந்த வைட் ரிசீவர் யார் என்று கேட்டால் பெரும்பாலான அமெரிக்கர்கள் ஜெர்ரி ரைஸ் பெயரைத்தான் சொல்வார்கள். 1962-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். தந்தை கொத்தனார். சாரத்தில் நின்றபடி, அண்ணன் தம்பிகள் கீழிருந்து எறியும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கைகள் என்று அவரைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. இட்டா பெனா என்ற சின்ன ஊரில், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வில்லி டாட்டன் என்ற குவார்ட்டர்பேக் எறிய, ரைஸ் பிடிக்க, 1984 பருவத்தில் மட்டும் 27 டச்டவுன்கள். யாரும் அறியாத கல்லூரியை நாடே திரும்பிப் பார்த்தது. இன்று அந்தக் கல்லூரி மைதானத்துக்கு அவ்விருவர் பெயரும்தான்.

1985 டிராஃப்டின் முதல் சுற்றில் 16-ஆவதாக ரைஸை சான் பிரான்சிஸ்கோ அணி எடுத்துக்கொண்டது. அந்த அணிக்காக என்.எஃப்.எல்லின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை மூன்று முறை வென்றார். 42 வயது வரை 20 பருவங்கள் ஆடி, 1,549 முறை பந்தைப் பிடித்தார். பிடித்தும் பிடித்துக்கொண்டு ஓடியும் அவர் சேர்த்த தூரம் 22,895 கஜம், ஏறத்தாழ 21 கிலோமீட்டர். கெலுகோரில் தொடங்கும் பினாங்குப் பாலத்தின் மொத்த நீளமே 13.5 கிலோமீட்டர்தான்.

நம் காலத்துக்கு வந்தால் டவோன்டா ஸ்மித். அலபாமா பல்கலைக்கழகத்தில் நான்கு பருவம் ஆடினார். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான 2020-ஆம் ஆண்டின் ஹைஸ்மன் விருதை வாங்கினார். ஒரு வைட் ரிசீவருக்கு அந்த விருது கிடைத்தது 1991-க்குப் பிறகு அதுவே முதல்முறை. அடுத்த டிராஃப்டில் பத்தாவதாக ஃபிலடெல்ஃபியா அணிக்குப் போனார். 2025 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பவுல் வென்றபோது அவரும் ஒரு டச்டவுன் போட்டார்.

இந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் உதவித்தொகையைத் தவிர வேறு பணம் கிடையாது. அவர்களை வைத்துப் பல்கலைக்கழகங்கள் கோடிகளைச் சம்பாதிக்க, விளம்பரத்தில் நடிக்கக்கூட அவர்களுக்குத் தடை இருந்தது. வழக்குகள், மாநிலச் சட்டங்கள் என்று பல பக்கமும் நெருக்கிய பிறகு 2021 ஜூலையில் அந்தத் தடை விலகியது. 2025-ல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாடு, பல்கலைக்கழகங்களே மாணவருக்கு நேரடியாகப் பணம் தர வழி திறந்தது.

விடைபெறும் வாசல் நுழைவாயிலான கதை

ஸ்குவாஷ் இந்தப் பண வெள்ளத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. கல்லூரி ஸ்குவாஷை நடத்துவது தனிச் சங்கம். அரங்கு சிறியது, கூட்டமும் சிறியது. ஆடும் முறையில் ஒரு சுவையான வேறுபாடு உண்டு. ஸ்குவாஷ் தனிநபர் ஆட்டம். கல்லூரியிலோ அது அணி ஆட்டம். ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பேர். முதல் எண்ணுக்கு முதல் எண், ஒன்பதாம் எண்ணுக்கு ஒன்பதாம் எண் என்று ஒன்பது ஆட்டங்கள் நடக்கும். ஐந்தை வென்ற அணிக்கு வெற்றி. விமான நிலையம், விடுதி, மைதானம் என்று தனியாகவே அலையும் தொழில்முறை வாழ்க்கைக்கு நேர்மாறான சூழல் இது. தன் ஆட்டம் முடிந்தவர் அறைக்குப் போக முடியாது. அடுத்த மைதானத்தில் ஆடும் தோழிக்காகத் தொண்டை வற்றக் கத்த வேண்டும்.

முன்பெல்லாம் இது விடைபெறும் வாசலாக இருந்தது. ஜூனியரில் ஜொலித்தவர்கள் அந்தத் திறமையைக் காட்டி நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் பிடிப்பார்கள், நான்கு ஆண்டு ஆடுவார்கள், பட்டத்தோடு வங்கி வேலைக்குப் போய்விடுவார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் டிரினிட்டி கல்லூரி வெளிநாடுகளிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைத் திரட்டி 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 அணி ஆட்டங்களை வென்ற பிறகு, மற்ற கல்லூரிகளும் உலகம் முழுக்க வலைவீசத் தொடங்கின. போட்டியின் தரம் ஏறியது.

தரம் ஏறியதும் வாசலின் திசை மாறியது. எகிப்தின் அலி ஃபராக் ஹார்வர்டில் இயந்திரப் பொறியியல் படித்து 2014-ல் பட்டம் பெற்றார். அதன்பின் உலக முதலிடத்தையும் நான்கு உலகப் பட்டங்களையும் பிடித்தார். அதே ஹார்வர்டில் அமெரிக்காவின் அமண்டா சோபி நான்கு ஆண்டும் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றார். பின்னர் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறினார். இங்கிலாந்தின் ஜார்ஜினா கென்னடி ஹார்வர்டை முடித்த இரண்டே ஆண்டில், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வாங்கினார்.

தமிழ்நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. வேலவன் செந்தில்குமார் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபடி அதன் அணிக்கு ஆடினார். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பையை முதன்முறை வென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார். கொல்கத்தாவின் ரமித் டாண்டன் கொலம்பியாவில் படித்து, நியூயார்க் நிதி நிறுவனத்தில் வேலையும் பார்த்து, அதை விட்டுவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்.

கார்னெலும் அதற்குப் பின்னும்

சிவசங்கரி சேர்ந்த கார்னெல், ஹார்வர்டும் கொலம்பியாவும் இருக்கும் ஐவி லீக் என்ற எட்டுப் பல்கலைக்கழகக் கூட்டில் ஒன்று. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. விளையாட்டு வீரர் என்பதற்காகப் பாடத்தில் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். பருவக் காலத்தில் கல்லூரிக்காக ஆட்டம், விடுமுறையில் தொழில்முறைப் போட்டிகள், நடுவில் தேர்வுகள் என்று காலம் நகரும். 2020-21 பருவத்தில் பெருந்தொற்றால் ஐவி லீக் தன் ஆட்டங்களையே ரத்து செய்தது.

2022-ல் பட்டம் கையில் வந்தது. முழுநேர ஆட்டத்துக்குத் திரும்பிய கையோடு, அந்த ஜூன் மாதம் கோலாலம்பூரில் நெடுஞ்சாலை விபத்தில் சிக்கினார். முகத்திலும் கழுத்தெலும்பிலும் பலத்த காயம். அடுத்த மாதம் ஆட வேண்டிய காமன்வெல்த் விளையாட்டு கைவிட்டுப் போனது. மட்டையைப் பிடிப்பது இருக்கட்டும், கழுத்தைத் திருப்ப முடியுமா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. ஸ்குவாஷ் ஆட்டக்காரருக்குக் கழுத்து எவ்வளவு முக்கியம் என்பது ஆடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எதிராளி பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் இருப்பார். 9.75 மீட்டர் நீள மைதானத்தின் பின்மூலையிலிருந்து பந்து எப்போது கிளம்பும் என்று தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஆட வேண்டும்.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அவர் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஒற்றையர் இறுதியில் ஹாங்காங்கின் சான் சின் யூக்கை வென்று, ஜகார்த்தாவில் நழுவிய தங்கத்தை வாங்கினார். மகளிர் அணிப் பிரிவிலும் மலேசியாவுக்குத் தங்கம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சியை 2024 வசந்தத்தில் லண்டன் கிளாசிக் போட்டியில் கொடுத்தார். உலகின் முதல் பத்து இடங்களுக்கு வெளியே இருந்தவர், இறுதிக்குப் போகும் வழியில் பலமுறை உலகச் சாம்பியனான எகிப்தின் நூர் எல் ஷெர்பினியை வென்றார். இறுதியில் இன்னொரு எகிப்தியரான ஹானியா எல் ஹமாமியையும் வென்று பட்டத்தைத் தூக்கினார். நிக்கோலுக்குப் பிறகு மலேசியப் பெண் ஒருவர் இந்த உயரத்தில் நிற்பதைப் பார்க்க ரசிகர்கள் நெடுநாள் காத்திருந்தார்கள். விரைவிலேயே அவர் முதல் பத்துக்குள்ளும் வந்தார்.

விலை என்ன, லாபம் என்ன

கல்லூரிக்குக் கொடுத்த விலையை மறைக்க முடியாது. தொழில்முறைத் தரவரிசை ஆடிய போட்டிகளைப் பொறுத்தது. நான்கு ஆண்டுகள் குறைவாக ஆடினால் புள்ளிகள் சேராது. புள்ளி குறைந்தால் பெரிய போட்டியின் முதல் சுற்றிலேயே பெரிய பெயர்களைச் சந்திக்க நேரும். எகிப்தின் பெண்கள் பதினேழு, பதினெட்டு வயதிலேயே அந்தப் படிக்கட்டில் ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டதாரியாக வருபவர் அதே படிக்கட்டின் அடியில் 22, 23 வயதில் நிற்க வேண்டும்.

லாபப் பக்கத்தில் முதலில் வருவது உடம்பு. வளரும் வயதில் ஆண்டு முழுக்க உலகம் சுற்றி ஆடும் சுமை முழங்காலையும் இடுப்பையும் சீக்கிரமே தேய்த்துவிடும். கல்லூரிப் பருவத்தின் ஆட்டங்கள் குறைவு. இரண்டாவது, வசதி. நல்ல பயிற்சியாளர், உடற்பயிற்சிக் கூடம், காயத்துக்கு மருத்துவர் என்று உலகத் தரவரிசையில் நடுவில் இருக்கும் ஓர் இளைஞரால் சொந்தக் காசில் வாங்க முடியாதவை வளாகத்திலேயே கிடைக்கின்றன. மூன்றாவது, பட்டம். ஸ்குவாஷில் பரிசுப்பணம் முதல் சில இடங்களில் இருப்பவர்களுக்கே வாழ்க்கை நடத்தப் போதுமானது. ஐம்பதாம் இடத்தில் இருப்பவர் விமானச் சீட்டுக்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்குக் கையில் இருக்கும் பட்டம் வெறும் காகிதமாகத் தெரியாது.

வைட் ரிசீவருக்குக் கல்லூரி கட்டாயம். ஸ்குவாஷ் ஆட்டக்காரருக்கு அது அவரவர் தேர்வு. அதனால்தான் இங்கே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதில் ஆசியத் தங்கம் வாங்கும் பிள்ளைக்கு ஒரு விடை. ஜூனியரில் நன்றாக ஆடி, உலக முதல் நூறின் வாசலில் தடுமாறும் பிள்ளைக்கு வேறு விடை.

இந்த வழியைப் பற்றி யோசிக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரரைத் தேடும் இடங்கள் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன், அமெரிக்க ஜூனியர் ஓப்பன், உலக ஜூனியர் போட்டி போன்றவை. அங்கே கண்ணில் பட்டாலும் பள்ளி மதிப்பெண் இல்லாமல் சேர்க்கை நடக்காது. மதிப்பெண் என்றால் எஸ்.பி.எம். மட்டும் போதாது, அதற்கு முந்தைய ஆண்டுகளின் வகுப்பு முடிவுகளும் பார்க்கப்படும். ஐவி லீக்குக்கு வெளியே சில பல்கலைக்கழகங்கள் பெண்கள் ஸ்குவாஷுக்கு உதவித்தொகை தருகின்றன. எஸ்.பி.எம். முடிந்த பிறகு விசாரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் தாமதம்தான். மூன்றாம் படிவம் முடியும்போதே பயிற்சியாளரோடும் ஆசிரியரோடும் பேசிவிடுவது நல்லது.

உள்ளூரிலேயே படித்துக்கொண்டு ஆடவும் வழி இருக்க வேண்டும் என்ற குரலும் உண்டு. அதற்கு முன்னுதாரணம் கெலுகோரிலேயே இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி ஒரு காலத்தில் நாட்டின் பிரீமியர் லீக்கில் மாநில அணிகளோடு மோதியது. மாணவர் அணி ஒன்று தொழில்முறை லீக்கில் ஆடலாம் என்பதை அது காட்டியது. அந்த முயற்சி நீடிக்கவில்லை. புக்கிட் டும்பாரின் ஸ்குவாஷ் மையத்துக்கும் மின்டன் வளாகத்துக்கும் இடையே உள்ள தூரமோ சில நிமிடக் கார்ப் பயணம்.

இந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு கெடுவும் வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஸ்குவாஷைச் சேர்க்க ஒப்புதல் தந்தது. ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் இடம்பெறுவது இதுவே முதல்முறை. அதற்காகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களில் நிக்கோலும் ஒருவர்; அவருக்கு ஆடும் வாய்ப்பு கிடைக்கவில்லை. 2028-ல் சிவசங்கரிக்கு 29 வயது இருக்கும். நிக்கோல் தன் எட்டு உலகப் பட்டங்களில் ஏழாவதை வென்றது அந்த வயதில்தான்.